பிஸ்கட்டின் மேல் வெள்ளி மணி

அந்தத் தெருவில் அவளுக்கு எக்ஸ்ரேக்கா என்று பெயர். கீழ்வீட்டுத் தையல்காரர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். மருத்துவமனையில் எக்ஸ்ரே படம் எடுப்பது அவள் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே அறை, ஒரே ஜன்னலில்லாத சுவர். எத்தனையோ பேருடைய எலும்பைப் பார்த்திருக்கிறாள், முகம் நினைவில் நின்றதில்லை.

பயம் அவளுக்குக் கூடப் பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், கேஸை மூடினோமா என்று திரும்பி வருவாள். மூடித்தான் இருக்கும். மறுபடி தெருமுனை. மறுபடி, இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினோமா? தையல்காரர் மெஷினை நிறுத்தாமலே, "எல்லாம் மூடியாச்சுக்கா, நான் சாட்சி, போங்க" என்பார். அவள் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பெரிய உருவம், பெரிய சிரிப்பு. பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு அவர் பஸ் மாமா. "உன் பயத்துக்கெல்லாம் சம்பளம் குடுத்திருந்தா இந்நேரம் நாம மாடி கட்டியிருக்கலாம்" என்று அவர் கேலி செய்வதும், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அந்த வீட்டில் அன்றாடம்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஒரு காலத்தில் நிறையப் பேசினார்கள், பிறகு பேசவில்லை.

கைவேலைப் பழக்கம் அவளுக்கு வேலை செய்த இடத்திலிருந்து வந்தது. முன்பெல்லாம் எக்ஸ்ரே பிலிம் அட்டைப் பெட்டியில் வரும், நடுநடுவே கறுப்புத் தாள் வைத்திருப்பார்கள். அதைக் குப்பையில் போட மனம் வராமல் வீட்டுக்கு எடுத்து வந்து காக்கை செய்தாள். ஒன்று செய்தாள், பத்து செய்தாள், ஜன்னல் முழுக்கக் காக்கை. நாள் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் பார்த்த கண்ணுக்கு நிறம் வேண்டியிருந்தது. அப்புறம் வண்ணத்தாள் பூ, நூல் சுற்றிய விளக்கு, காகிதக் கூழில் பொம்மை என்று போனது. அந்தப் பக்கம் கை ஓய்ந்தால் இந்தப் பக்கம் அடுப்பு. வருஷக் கடைசியில் பள்ளிக்கூடம் விடுமுறை விடுவதற்கு முன்னால் வெண்ணெய் பிஸ்கட் சுட்டு, மேலே சர்க்கரைப் பாகு பூசி, வெள்ளி மணி பதித்து, பொட்டலம் கட்டி, பஸ் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவாள். வெள்ளி மணி என்றால் சர்க்கரையை மிளகு அளவுக்கு உருட்டி மேலே வெள்ளிப் பூச்சுப் பூசியது, கேக் கடையில் பாட்டிலில் விற்பார்கள். பிள்ளைகளுக்கு பிஸ்கட்டை விட அந்த மணிதான் பெரிது.

அந்த வருஷம் பொம்மையில் ஒரு புதுமை செய்தாள். இரண்டிரண்டாகப் பொம்மை, பக்கத்தில் வைத்தால் அவை தாமாகக் கையைக் கோத்துக்கொள்ளும். உள்ளங்கையில் ஒரு சின்னக் காந்த மணி, அவ்வளவுதான் சூட்சுமம். கைவினைச் சாமான் கடைக்காரர் அந்தக் காந்த மணிகளைக் கொடுக்கும்போதே, "பிள்ளைங்க இருக்கற வீடா?" என்று கேட்டார். இல்லை என்றாள். கேட்டிருக்கவே தேவையில்லை, அவளுக்குத் தெரியாததா? முந்தின வருஷம் ஒரு பையனைப் படம் எடுத்திருந்தாள். விளையாட்டுச் சாமானிலிருந்து கழன்ற காந்தத்தில் இரண்டை வேறு வேறு நேரத்தில் விழுங்கியிருந்தான். ஒன்று தனியாகப் போனால் அது பாட்டுக்கு வெளியே வந்துவிடும். இரண்டு போனால் குடலின் இந்த மடிப்பில் ஒன்று, அந்த மடிப்பில் ஒன்று நின்றுகொண்டு ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிய குடல் நசுங்கி ஓட்டை விழும். பையன் பிழைத்தான், குடலில் ஒரு முழத்தை வெட்டி எடுத்த பிறகு. அந்தப் படத்தில் பக்கம் பக்கமாகத் தெரிந்த இரண்டு வெள்ளைப் புள்ளியை அவள் மறக்கவில்லை. அதனால்தான் காந்த மணிகளைத் தகர டப்பாவில் போட்டு, டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்து, அங்கேயிருக்கிறதா என்று தினம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

ஆனால் அந்த வீட்டில் மேஜை ஒன்றுதான். பொம்மையும் அதில்தான், பிஸ்கட்டும் அதில்தான், சாப்பாடும் அதில்தான்.

பள்ளிக்கூடத்தின் கடைசி நாள் அரை நாள். அன்றைக்கு அவளுக்கு மதியத்திலிருந்துதான் வேலை. கணவர் காலையில் பொட்டலங்களைப் பெரிய துணிப்பையில் அள்ளிக்கொண்டு விசிலடித்தபடி போய்விட்டார். அவள் வீட்டு வேலையை முடித்து, டியூட்டிக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, மீதியிருந்த பொம்மைகளை முடித்து ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று டப்பாவை இறக்கினாள். காந்த மணிகள் ஒரு பிளாஸ்டிக் தட்டில் குழி குழியாகப் பதிந்து வந்திருந்தன. எடுத்த குழிகளையும் செய்த பொம்மைகளையும் ஒப்பிட்டாள். ஐந்து குறைந்தது.

முதலில் அவளே நம்பவில்லை. 'ராத்திரி தூக்கத்தில் எங்கேயோ வைத்திருப்பேன்' என்று மேஜையடியில் பார்த்தாள். பாயை உதறினாள். பிறகுதான் நினைவு வந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஐந்து காந்த மணிகளில் பசை தடவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஒரு தட்டின் விளிம்பில் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். டியூட்டி மாற்றுவதைப் பற்றி வாசலில் நின்று பேசிவிட்டு வந்தபோது கணவர் மேஜையைத் துடைத்துச் சாப்பாடு எடுத்து வைத்திருந்தார். தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. மணியை நாமே டப்பாவில் போட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். கேஸை நான்கு தரம் பார்க்கிறவள், அதை ஒரு தரம் பார்க்கவில்லை.

வெள்ளி மணிப் பாட்டில் மேஜையில்தான் இருந்தது. அடியில் கொஞ்சம் மிச்சம். எல்லாம் ஒரே மாதிரி மினுங்கின. அவள் ஒரு பொம்மையை எடுத்து, அதன் கையைப் பாட்டிலுக்குள் விட்டாள்.

ஒரு மணி துள்ளி வந்து பொம்மையின் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

அவள் பாட்டிலை மேஜையில் கொட்டிப் பொம்மைக் கையால் துழாவினாள். வேறு எதுவும் வரவில்லை. ஒன்று இங்கே, மீதி நாலு? அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அது துணிப்பையில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

கணவருக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார், அதில் அவருக்குத் தனிப் பெருமை. மறுபடி போட்டாள், மறுபடியும். பிறகு பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவுக்குப் போட்டாள். எடுத்தார்கள். எடுத்ததும் காது கிழிகிற மாதிரி பிள்ளைகளின் பாட்டு.

"ஆயா! பிஸ்கட்டக் குடுக்காதீங்க! கேக்குதா? பிஸ்கட்!"

"பிஸ்கட்டா? குடுத்தாச்சு, குடுத்தாச்சு! எல்லாருக்கும் குடுத்தாச்சு!"

"ஐயோ, சாப்பிட விடாதீங்க!"

"சாப்பிட்டாச்சும்மா! நானும் சாப்பிட்டேன், வாய்ல வச்சா கரையுது! ஒண்ணும் கேக்கல, இதுங்க போடற சத்தத்துல. அப்புறம் பேசறேன்!"

வைத்துவிட்டார்கள்.

கை கால் ஓடவில்லை என்று சொல்வார்களே, அவளுக்குக் காலும் கையும் தனித்தனியாக ஓடின. செருப்பு ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. வீட்டைப் பூட்டவில்லை. பொம்மை கையிலேயே இருந்தது. படியிறங்கி வந்து தையல்காரர் முன்னால் நின்று, "அண்ணே, வண்டிய எடுங்க" என்றாள்.

"என்னக்கா, கேஸா?"

"இல்லண்ணே."

"இஸ்திரிப் பெட்டியா?"

"அண்ணே, பிள்ளைங்க செத்துரும்ணே!"

அவர் அவள் காலைப் பார்த்தார். ஒரு காலில் செருப்பில்லை. மெஷினிலிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

பஸ் போகும் வழி அவளுக்கு மனப்பாடம், ராத்திரி சாப்பாட்டோடு அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தண்ணீர்த் தொட்டி நாற்சந்தியில் குறுக்கே புகுந்து போய் நின்றார்கள். பஸ் வந்தது. அவள் நடுரோட்டில் இறங்கிப் பொம்மையைத் தூக்கி ஆட்டினாள். பிரேக் கிறீச்சிட்டது.

"என்னடி இது, நடுத்தெருவுல வந்து..." என்று கணவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். சிரித்துக்கொண்டே. "கேஸ மூடிட்டியா?"

அவள் ஏறினாள். பஸ்ஸுக்குள் வெண்ணெய் வாசனை. மடியெல்லாம் பிஸ்கட் தூள். ஏழெட்டு பேர் வாயில் இன்னும் மென்றுகொண்டிருந்தார்கள். அவளுக்குக் கத்தக்கூடாது என்று மட்டும் எங்கேயோ தோன்றியது. கத்தினால் வாயிலிருப்பதை அப்படியே முழுங்கிவிடுவார்கள்.

"கண்ணுங்களா," என்றாள், குரல் அவளுடையது போலவே இல்லை. "எல்லாரும் வாய்ல இருக்கறத பொட்டலப் பேப்பர்ல துப்புங்க பாக்கலாம். யாரு முதல்ல துப்பறாங்களோ அவங்களுக்கு இந்தப் பொம்மை."

துப்பச் சொல்லி எந்தப் பெரியவர் இதற்கு முன் பரிசு கொடுத்திருக்கிறார்? அவர்கள் உற்சாகமாகத் துப்பினார்கள். ஒருத்தன் சாப்பிடாததையும் வாயில் போட்டுத் துப்பப் பார்த்தான், ஆயா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கணவர் எழுந்து வந்தார். "உனக்கு என்னைக்குமே இதே வேலை. என்ன, முடி விழுந்துருச்சா? எறும்பா?"

அவள் மீதியிருந்த பொட்டலங்களைப் பிரித்து, ஒவ்வொரு பிஸ்கட்டின் மேலும் பொம்மையின் கையை நகர்த்திக்கொண்டு போனாள். நாலாவது பொட்டலத்தில் ஒரு பிஸ்கட் முழுசாக எழுந்து பொம்மையின் கையில் தொங்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"காந்தம்," என்றாள். "நேத்து தட்டுல இருந்ததே, அது என்ன செஞ்சீங்க?"

அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்குவதை அவள் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அப்படி இறங்கிப் பார்த்ததில்லை.

"வெள்ளி மணின்னு பாட்டில்ல போட்டேன்," என்றார். "நீ குளிக்கப் போனப்ப கடைசித் தட்டுக்கு நான்தானே வச்சேன். ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ஈரத்துல சர்க்கரை ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சு..." கையைப் பார்த்துக்கொண்டார். "பிரிச்சுப் பிரிச்சு வச்சேன்டி."

இன்னும் மூன்று. அது பிஸ்கட்டில் இருந்தாலும் இருக்கும், எந்த வயிற்றிலாவது இருந்தாலும் இருக்கும். அவர் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார். பஸ்ஸை நாற்சந்தியிலேயே வளைத்து ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். ஆயா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே இறங்கிப் போன பிள்ளைகளின் வீடு, பஸ்ஸில் இருக்கிற பிள்ளைகளின் வீடு, எல்லாம். பஸ் முழுக்க ஆயாவின் குரல் மட்டும் கேட்டது: "பயப்படாதீங்க, பயப்படாதீங்க." சொல்லச் சொல்ல அவர்கள் குரலே நடுங்கத் தொடங்கிவிட்டது.

அவசரப் பிரிவின் டாக்டரம்மா சின்ன வயசு. முழுவதையும் கேட்டுவிட்டு, யார் மேல் தப்பு என்று கேட்காமல், "சாப்பிட்ட குழந்தைங்க எல்லாருக்கும் ஒரு படம் எடுத்துருங்க. அதுவரைக்கும் தண்ணி கூடக் குடுக்காதீங்க" என்றார்.

மதிய டியூட்டியில் எக்ஸ்ரே அறையில் அவள் ஒருத்திதான். கையைக் கழுவினாள், ஈயக் கவசத்தை மாட்டினாள். ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே வந்தது. இத்தனை வருஷமாக ஆயிரம் பேரிடம் சொன்னதையே சொன்னாள். "தாடையத் தூக்கு. மூச்ச இழு. சிலை மாதிரி நில்லு." கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டுத் திரை வெளிச்சமாவதற்குள் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அது அவள் உயிரை எடுத்தது. படம் வரும். விலா எலும்பு, முதுகெலும்பு, வயிற்றில் காற்று. ஒன்றுமில்லை. அவள் சுவரில் சாய்ந்துகொள்வாள். அடுத்த பிள்ளை. மறுபடி முதலிலிருந்து அதே பயம், கொஞ்சமும் குறையாமல். முந்தினது சுத்தமாக இருந்தால் அடுத்ததில் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று அவள் மனசு கணக்குப் போட்டது.

வெளியே நடைபாதையில் பெற்றோர்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் சத்தம் உள்ளே வந்தது. "யாரு செஞ்சது?" "பஸ்காரர் பொண்டாட்டியாம்." "எக்ஸ்ரே எடுக்கறாங்களே, அவங்களா?" ஒருவர் அவளைப் பார்த்தபடியே, "விஷத்தையும் குடுத்துட்டு வைத்தியமும் பாக்கறாங்க" என்றார். அவள் அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டாள்.

கடைசியாக வந்தது குருவி. அப்படிப் பெயர் வைத்தது கணவர்தான். ஆறு வயசு, பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டு, கடைசி நிறுத்தத்தில் இறங்குகிறவள். வாயை மூடாமல் கீச்சுக் கீச்சென்று பேசுவதால் குருவி.

"அத்த, நான் பிஸ்கட்டே சாப்பிடல," என்றது குருவி, எக்ஸ்ரே பலகை முன்னால் வந்து நின்றபடி.

"சமர்த்து. அப்படியே வச்சிருக்கியா?"

"ஆமா. மணிய மட்டும் பொறுக்கித் தின்னுட்டேன். மணிதான் ருசி. ரெண்டு மணி கடிக்கவே வரல. அப்படியே முழுங்கிட்டேன்."

அவள் குருவியின் தோளைப் பிடித்து நேராக நிற்க வைத்தாள். "சிலை மாதிரி நில்லு" என்று அவள் சொல்வதற்குள் குருவியே சிலை மாதிரி நின்றது, அதற்கு விளையாட்டாக இருந்தது.

திரையில் இரைப்பை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி. சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளை. ஒன்றே ஒன்று.

ஒன்றா? ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்திருந்தாலும் முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றாகத்தான் தெரியும். பக்கவாட்டில் எடுத்தால்தான் உண்மை. குருவியைத் திருப்பி நிறுத்தினாள், கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னாள். பொத்தானில் விரலை வைத்தாள், விரல் அழுத்த மாட்டேன் என்றது. அழுத்தும் வரைக்கும் அது ஒன்றுதான், அழுத்தினால் இரண்டாகிவிடுமோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. 'ஒண்ணா இருக்கட்டும், ஒண்ணா இருக்கட்டும்' என்று வாய் முணுமுணுக்க அழுத்தினாள்.

இரண்டு. பக்கம் பக்கமாக, ஒட்டிக்கொண்டு.

டாக்டரம்மா படத்தைப் பார்த்ததும் குழாய் விட்டுப் பார்க்கும் டாக்டரைக் கூப்பிட்டார். "நல்லவேளை, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, இன்னும் இரைப்பையிலதான் இருக்கு. குடலுக்குள்ள எறங்கறதுக்குள்ள எடுத்துரணும்" என்றார் அவர். குருவியை மயக்க மருந்து கொடுக்கும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது அது, "அத்த, பொம்மை யாருக்கு?" என்று கேட்டது.

குருவியின் அம்மா சலவை நிலையத்தில் துணி தேய்க்கிறவள். வேலைப் பாதியில் ஓடி வந்திருந்தாள், முன்கையில் சூடு பட்ட பழைய தழும்புகள். அறை வாசல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்ரேக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"நான் செஞ்ச பிஸ்கட்தாம்மா," என்றாள்.

"தெரியும்."

"வேணும்னு..."

"எழுந்து போயிடுங்க." அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தமும் போடவில்லை. "தயவு செஞ்சு இங்க உக்காராதீங்க. எனக்கு இப்ப உங்க மூஞ்சியப் பாக்க முடியாது."

அவள் எழுந்தாள். நடைபாதைக் கோடியில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றாள். கணவர் அங்கேதான் நின்றிருந்தார், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. அவளைப் பார்த்தவர் மெதுவாக நடந்து அந்தப் பெஞ்சுக்குப் போனார். உட்காரவில்லை. "அவ இல்லம்மா. நான்தான் வச்சேன். என் கையாலதான் வச்சேன்" என்றார். அந்த அம்மா அவரையும் பார்க்கவில்லை. அவர் திரும்பி வந்தார்.

 அவர் தொப்பியை மறுபடி கசக்கத் தொடங்கினார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்டி எடுத்த அந்த ஒரு முழம் குடல் திரும்பத் திரும்ப அவள் கண் முன்னால் வந்தது. மூடிய கதவின் அந்தப் பக்கம் ஏதோ தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவள் இரண்டடி முன்னால் வந்தாள். பெஞ்சிலிருந்த அந்த அம்மாவும் எழுந்துவிட்டாள். அந்த ஒரு நொடி அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஒரே முகம்தான் இரண்டு பேருக்கும்.

கதவு திறந்தது. குழாய் டாக்டர் கையில் சின்னக் கிண்ணம். அதில் இரண்டு மணி, இன்னும் ஒட்டிக்கொண்டு. வெள்ளிப் பூச்சு கூடக் கலையவில்லை.

"எடுத்தாச்சு. சிராய்ப்பு கூட இல்ல. இன்னிக்கு ராத்திரி இங்க இருக்கட்டும், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."

போன உயிர் வந்தது என்பார்கள். வந்ததுதான். அந்த அம்மா கதவுக்குள் ஓடினாள். எக்ஸ்ரேக்கா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள், அழுகையும் வரவில்லை, எதுவும் வரவில்லை.

ஆனால் கணக்கு முடியவில்லை. பாட்டிலில் ஒன்று, பஸ்ஸில் கிடைத்த பிஸ்கட்டில் ஒன்று, குருவியிடம் இரண்டு. ஐந்தாவது எங்கே? திரும்பி வந்த பிஸ்கட், துப்பிய பேப்பர், தூள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் பரப்பி எக்ஸ்ரே எடுத்தாள். வெறும் பிஸ்கட். சாப்பிட்ட பிள்ளைகளின் படங்களை மறுபடி திறந்து ஓரம் வரைக்கும் பார்த்தாள். எதுவும் இல்லை. ஒரே ஒரு வீடு மட்டும் போனில் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட வாசலிலேயே ஆயாவிடம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நேராக ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். சாயங்காலம் ஒருவழியாகக் கிடைத்தார்கள்.

"அதையா கேக்கறீங்க? பிளாட்பாரத்துக் குப்பைத் தொட்டியில போட்டுட்டேனே," என்றாள் அந்தப் பையனின் அம்மா. "கோவிச்சுக்காதீங்க. யாரு வீட்ல செஞ்சதோ, நான் குடுக்க மாட்டேன்."

"பையன் ஒண்ணு கூட எடுக்கலயே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எடுக்கல. எடுத்திருக்க மாட்டான்."

எடுக்கவில்லை என்பது வேறு, எடுத்திருக்க மாட்டான் என்பது வேறு. அங்கே ஒரு படம் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். சரி சரி என்று வைத்துவிட்டார்கள். எடுத்தார்களா என்று தெரியாது. விடுமுறை முழுவதும் அவள் தூங்கவில்லை என்றே சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் திறந்த அன்று அந்தப் பையன் பஸ்ஸில் ஏறி, கணவரிடம் நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டிவிட்டுப் போனான் என்று கேட்ட பிறகுதான் அவள் வாய்க்குச் சோறு ருசித்தது.

கணவரை மறுநாளிலிருந்து அந்தப் பருவம் முழுக்க வேறு வழியில் போட்டார்கள், பிறகு பழைய வழிக்கே அனுப்பினார்கள். பஸ்ஸில் இனி யாரும் எதையும் கொடுக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் உத்தரவு. சரியான உத்தரவுதான் என்று அவளே சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவளை யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். குருவியை அதன் அம்மா அப்புறம் பஸ்ஸில் ஏற்றவில்லை, நடத்தியே கூட்டிக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை அந்தச் சலவை நிலையம்தான் தேய்த்துக் கொடுக்கும். சில நாள் அந்த அம்மாவே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் வருவாள். சக்கரச் சத்தம் கேட்டாலே எக்ஸ்ரேக்காவுக்கு அறைக்குள் போய்விடலாமா என்று தோன்றும், போனதில்லை. கவசத்தை மாட்டியபடி வாசலிலேயே நிற்பாள். அந்த அம்மா பார்க்காமல் போவாள். மாசக்கணக்கில் அப்படிப் போனவள், ஒரு நாள் வண்டியை நிறுத்தாமலே, பக்கத்தில் வரும்போது மட்டும் சொன்னாள்:

"நேத்து முன்பல்லு ரெண்டும் விழுந்துருச்சு அதுக்கு. பேசினா ஊதுது."

அவ்வளவுதான். அவள் தலையாட்டுவதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

கைவேலையை அவள் விட்டுவிடவில்லை. கொஞ்ச நாள் மேஜையை எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தாள், பிறகு கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடியது. இப்போது தாள் மட்டும்தான், தாளும் பசையும். மேஜைமேல் அது இருந்தால் சாப்பாடு தரையில். பிஸ்கட்டும் எப்போதாவது சுடுகிறாள், அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும், மேலே ஒன்றும் இல்லாமல். அதையும் இரண்டு பேரும் பிட்டுப் பிட்டு, விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் வாயில் போடுகிறார்கள். அவர் கேலி செய்வதில்லை. அவள் தெருமுனையிலிருந்து திரும்பி வந்தால், "இரு, நானும் ஒரு தரம் பாத்துடறேன்" என்று கூடவே அடுப்படிக்கு வருகிறார்.

ஐந்தாவது மணி கிடைக்கவில்லை. குப்பைத் தொட்டியோடு போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். வயிற்று வலி என்று எந்தப் பிள்ளை வந்தாலும், படம் திரையில் வரும்வரை அவள் மூச்சு விடுவதில்லை. கணவர் ஒரு கம்பின் நுனியில் பெரிய காந்தம் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார். தினமும் சாயங்காலம் பஸ்ஸை நிறுத்தியதும் ஒவ்வொரு சீட்டுக்கடியிலும் அதை விட்டுத் துழாவி, கிடைத்ததைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருகிறார். மேஜையில் கொட்டுவார், இரண்டு பேரும் குனிந்து பார்ப்பார்கள். நேற்று ஒரு கொண்டை ஊசி, ஒரு சட்டை ஊக்கு, பென்சில் சீவியின் உடைந்த தகடு.

"இல்ல," என்றார்.

"இல்ல," என்றாள் அவளும். எழுந்து போய் உலையை வைத்தாள்.